வாள்காரரும் மந்திரவாதியும் ஒரே மேசையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன தகராறு? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்தான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். கதையை நடத்துபவர் மாஸ்டர், மற்றவர்கள் பிளேயர்கள். ஒருவர் வாளெடுத்த ஃபைட்டர், இன்னொருவர் மந்திரம் படித்த விசார்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப லெவல்களில் (அனுபவம் சேரச் சேர கதாபாத்திரம் ஏறும் படிகள்தான் லெவல்) ஃபைட்டர்தான் முன்னால் நின்று எல்லோரையும் காப்பாற்றுவார். பதினோராவது லெவலுக்கு வரும்போது விசார்ட் பறக்கிறார், உருவம் மாற்றுகிறார், உடைக்க முடியாத சுவரை வெட்டவெளியில் எழுப்புகிறார். ஃபைட்டர் அப்போதும் வாள்தான் வீசிக்கொண்டிருக்கிறார், என்ன, ஒரு தடவைக்குப் பதில் மூன்று தடவை. ஃபைட்டர் கூட்டல் கணக்கில் வளர்கிறார், விசார்ட் பெருக்கல் கணக்கில் வளர்கிறார் என்று ஆட்டக்காரர்கள் பல வருஷமாகப் புலம்புவது இதைத்தான்.

நிஜமாகவே மேசையில் இது தெரியுமா, இல்லை வெறும் வாய்ச்சண்டையா?

தெரியும். நான் பார்த்தபோது மாஸ்டர் நாற்காலியில் இருந்ததே நான்தான்.

ஏழாவது லெவல் பார்ட்டி, அதாவது கதாபாத்திரங்களின் கூட்டம். எதிரே நாற்பது அடி அகலத்தில் ஒரு பள்ளம், பாலம் அறுந்து தொங்குகிறது. பார்பேரியன் என்ற முரட்டு வீரரை எடுத்திருந்த பிளேயர் தன் கேரக்டர் ஷீட்டை (கதாபாத்திர விவரத்தாளை) கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் படம் வரைய ஆரம்பித்தார். கரையோரத்தில் இருக்கும் பெரிய மரத்தை வெட்டுவது, குறுக்கே சாய்ப்பது, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அதன் மேல் நடந்து போவது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் மூன்று ரோல், அதாவது மூன்று பகடை உருட்டல், கேட்டேன்: வெட்ட ஒன்று, சரியாகச் சாய்க்க ஒன்று, நடக்க ஒன்று. இரண்டாவது ரோலில் இருபதுமுகப் பகடையில் மூன்று விழுந்தது. மரம் பள்ளத்துக்குள் போய்விட்டது. உடனே விசார்ட் பிளேயர், “சரி, நான் ஃப்ளை போடுகிறேன்” என்றார். கயிற்றோடு பறந்துபோய் அந்தப் பக்கம் கட்டிவிட்டார். பகடையைத் தொடக்கூட இல்லை.

பார்பேரியன்காரர் ஷீட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். அன்று மீதி நேரம் முழுக்க “அடிக்கிறேன்” என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை.

விசார்ட் பிளேயர் தப்பு எதுவும் செய்யவில்லை. மூன்று ரோல் கேட்டவன் நான்.

மூன்று ரோல் கேட்டதில் என்ன தப்பு?

ஒவ்வொரு ரோலிலும் ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நல்ல வாய்ப்புதான். ஆனால் மூன்றும் சேர்ந்து ஜெயிக்க வேண்டுமென்றால் 34 சதவீதம்தான் மிஞ்சும். அதாவது மூன்று தடவை முயன்றால் இரண்டு தடவை மண்ணைக் கவ்வ வேண்டும். திறமைசாலி ஒருவரை நாமே கோமாளியாக்குகிறோம், அதுவும் “சும்மா ஒரு ரோல் போடுங்களேன்” என்று நல்ல மனதோடு. மந்திரத்துக்கு இந்தச் சுமை கிடையாது. ஃப்ளை என்றால் ஃப்ளைதான். பறக்க ஒரு ரோல், திரும்ப ஒரு ரோல், இறங்க ஒரு ரோல் என்று எந்த மாஸ்டரும் கேட்பதில்லை.

இந்தப் பக்கத்தில் எனக்குச் சொல்ல இருப்பதே இவ்வளவுதான்: மந்திரவாதி அறிவிக்கிறார், வாள்காரர் மனுப் போடுகிறார். மந்திரத்தில் என்ன நடக்கும் என்பது புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. வாள்காரரின் யோசனையில் என்ன நடக்கும் என்பது மாஸ்டரின் அன்றைய மனநிலையில் இருக்கிறது.

அடியைக் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடாதா?

அடியில் குறையே இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 ரூல்ஸ், ஐந்தாவது லெவல். இரண்டு கை வாள் வைத்திருக்கும் ஃபைட்டர் ஒரு வீச்சுக்குச் சராசரியாக 11 அடிப்பார், ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு. எதிரியின் கவசம் 15 என்றால் 65 சதவீதம் படும். ஆக, சுற்றுக்கு 14 சொச்சம். நாலு சுற்றுச் சண்டையில், ஒரு சுற்றில் இரட்டிப்பாக வீசவிடும் ஆக்‌ஷன் சர்ஜை ஒரு தடவை பயன்படுத்தினால் மொத்தம் 71 வரும்.

விசார்டிடம் ஃபயர்பால் என்ற நெருப்புக் குண்டு மந்திரத்தைப் போட இரண்டு வாய்ப்பு இருக்கிறது. எட்டு பகடைகள், சராசரி 28. எதிரி பாதி நேரம் தப்பிப் பாதி அடி வாங்குவார் என்று வைத்தால் 21. மீதி இரண்டு சுற்றில் சின்ன நெருப்புத் துணுக்கு, தலா 7. ஒற்றை எதிரி என்றால் மொத்தம் 56. ஃபைட்டர்தான் முன்னால் நிற்கிறார்!

எதிரிகள் நாலு பேராகக் கூட்டமாக நின்றால் ஒரே ஃபயர்பாலில் 84 போய்விடும், அது வேறு கதை. ஆனால் எதிரியிடம் தகவல் வாங்க வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், கோட்டைக்குள் போக வேண்டும், நாளை காலைக்குள் தலைநகரில் இருக்க வேண்டும் என்று வரும்போது அந்த 71-ஐ வைத்துக்கொண்டு ஃபைட்டர் என்ன செய்வார்? அடியை 142 ஆக்கினாலும் பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும்.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா?

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது இருந்தது மூன்றே வகை: சண்டைக்காரர், மந்திரக்காரர், பூசாரி. பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்த ஆட்டம் அது. படைவீரர்கள் நடுவே மந்திரக்காரர் ஏறத்தாழ ஒரு பீரங்கி. பீரங்கிக்குப் பலம் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

அந்தக் காலத்து மந்திரக்காரரின் வாழ்க்கை பரிதாபம்தான். 1978-இன் அட்வான்ஸ்ட் ரூல்ஸில் முதல் லெவலில் உயிருக்கு நாலுமுகப் பகடை ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு மந்திரம். மந்திரத்தை உச்சரிக்கும்போது யாராவது ஒரு குத்து விட்டால் மந்திரம் வீண். லெவல் ஏறத் தேவைப்படும் அனுபவப் புள்ளிகளும் வேறு வேறு: 1981-இன் பேசிக் ரூல்ஸில் இரண்டாவது லெவலுக்குத் திருடருக்கு 1,200, ஃபைட்டருக்கு 2,000, மந்திரக்காரருக்கு 2,500. 1978 ரூல்ஸில் ஃபைட்டர் ஒன்பதாவது லெவலுக்கு வந்து கோட்டை கட்டினால் ஆள்படை தேடி வரும். அவருடைய ‘மந்திரம்’ அந்தப் படைதான். அதைப் பலரும் மறந்துவிட்டோம்.

மந்திரத்திலிருந்து தப்பிக்கப் போடும் பாதுகாப்பு ரோலிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. மந்திரத்திலிருந்து தப்பிப்பது தப்பிப்பவரின் லெவலைப் பொறுத்தது, மந்திரம் போட்டவரின் மூளையைப் பொறுத்ததல்ல. பழுத்த ஃபைட்டர்மேல் மந்திரம் ஒட்டுவது கஷ்டம்.

அந்தக் கட்டுப்பாடெல்லாம் எங்கே போயிற்று?

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் போயிற்று. யாரும் சதி செய்யவில்லை. ரூல்ஸைச் சீராக்கப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே அனுபவப் பட்டியல், நியாயமாகத்தான் தோன்றியது. சண்டைக்கு நடுவே மந்திரம் குலையாமலிருக்க ஒரு திறமை ரோல் வந்தது, கொஞ்ச லெவலில் அது சுலபமாகிவிட்டது. மந்திரக்கோல்கள் ஐம்பது தடவை சுடும், விசார்டே செய்துகொள்ளலாம். தப்பிக்கும் ரோலின் கடினம் மந்திரம் போடுபவரின் அறிவோடு ஏறியது. இன்னொரு பக்கம் ஃபைட்டர் தன் எல்லா வீச்சுகளையும் வீச வேண்டுமென்றால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். விசார்ட் நடந்துகொண்டே மந்திரம் போடலாம்.

ஒவ்வொன்றும் சின்ன மாற்றம். சேர்த்துப் பார்த்தால் பீரங்கிக்குக் கவசமும் சக்கரமும் பூட்டியாயிற்று. அந்தப் பதிப்பில் ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரர்) கூட்டிக்கொண்டு வரும் கரடி பக்கத்தில் நிற்கும் ஃபைட்டரைவிட நன்றாகச் சண்டை போடும் என்று ஒரு கிண்டல் உண்டு. கிண்டல்தான், ஆனால் ரொம்பப் பொய்யும் இல்லை.

நாலாம் பதிப்பு எல்லோரையும் சமமாக்கியதே. பிறகு ஏன் அதைத் திட்டினார்கள்?

2008-இல் வந்த நாலாம் பதிப்பில் ஃபைட்டருக்கும் விசார்டுக்கும் ஒரே வார்ப்பு: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒரு முறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒரு முறை செய்யக்கூடியவை. சண்டைக்கு வெளியே உதவும் பெரிய மந்திரங்களைப் பிரித்து, நேரமும் காசும் செலவாகும் சடங்குகளாக்கினார்கள். சமநிலை என்ற அளவில் மட்டும் பார்த்தால் அது ஜெயித்தது என்றே நான் சொல்வேன்.

கோபம் வேறு இடத்திலிருந்து வந்தது. ஃபைட்டருக்கு ஒரு வித்தை இருந்தது: சுற்றியிருக்கும் எதிரிகளை “வாடா பார்க்கலாம்” என்று தன் பக்கம் இழுப்பது. எதிரிகள் வந்தே தீர வேண்டும், அதற்குப் பிறகு அடி. “வில் வைத்திருப்பவன் எதற்கு ஓடி வருவான்?” என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. இதையே ஒரு மந்திரம் செய்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். வாள்காரர் மனுப் போடாமல் அறிவித்துவிட்டார், அதுதான் உறுத்தியது.

இன்னொரு குறையை ஒத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஒரே வார்ப்பு என்பதால் எல்லோரும் ஒரே மாதிரி ஆடுவதாகப் பலருக்குத் தோன்றியது. ஃபைட்டர் எடுக்கும் சிலருக்குப் பட்டியலே பிடிக்காது. அவர்களுக்கு அலுப்பில்லாத, பக்கம் புரட்ட வேண்டாத ஒரு கதாபாத்திரம் வேண்டும். அதுவும் நியாயமான ஆசைதான்.

மந்திரம் இல்லாத மனிதன் அவ்வளவுதான் செய்ய முடியும். யதார்த்தம் என்று ஒன்று இருக்கிறதே?

டிராகன் பறக்கும் உலகத்தில் யதார்த்தத்தின் சுமையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுகிறோம். அதையும் சரியாக ஏற்றுகிறோமா என்றால் இல்லை. ஐந்தாம் பதிப்பில் ஓடிவந்து நீளம் தாண்டினால் உங்கள் பலத்தின் எண் எவ்வளவோ அத்தனை அடி. பலம் 20 என்பது சாதாரணமாக மனிதருக்கு உச்சம், எனவே 20 அடி. நிஜ உலகில் மைக் பவல் 1991-இல் தாண்டியது 8.95 மீட்டர், 29 அடிக்கு மேல். டிராகனைக் கொன்ற மாவீரரை ஒரு தடகள வீரர் ஒன்பது அடி வித்தியாசத்தில் தோற்கடிக்கிறார்! அதற்கு மேல் தாண்ட வேண்டுமென்றால் மாஸ்டர் மனசு வைக்க வேண்டும். மறுபடியும் மனு.

வீரம் என்றால் என்ன என்பதற்கு நமக்குப் பழக்கமான அளவுகோல் இப்படியா இருந்தது? அரக்கு மாளிகை எரிந்தபோது தாயையும் நான்கு சகோதரர்களையும் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடந்தவன் பீமன். எந்த மந்திரமும் சொல்லவில்லை. யாரும் “ஐந்து பேரின் எடை என்ன, ஒரு ரோல் போடு” என்று கேட்கவில்லை. (அர்ஜுனனை இந்தப் பக்கம் இழுக்காதீர்கள், அவன் கணக்கு அஸ்திரக் கணக்கில் வரும்.)

உங்கள் கேம் அழுக்கும் ரத்தமுமான சின்ன உலகம் என்றால், அப்படியே இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்த உலகத்தில் விசார்டும் சின்னவராகத்தான் இருக்க வேண்டும். ஐந்தாவது, ஆறாவது லெவலோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை வராது.

அப்படியானால் மந்திரத்தை வெட்டிவிடலாமே?

கடைசியாகச் செய்ய வேண்டியது அது. மந்திரம் எடுத்தவர் அதற்காகத்தான் அந்தக் கதாபாத்திரத்தை எடுத்தார். பிடுங்கினால் ஒருவர் முகம் வாடியிருந்த மேசையில் இரண்டு பேர் முகம் வாடும்.

வெட்டுவதற்கு முன்னால் மந்திரத்தின் வரிகளை முழுதாகப் படியுங்கள். நாம் பாதியைப் படிக்காமலே சலுகை கொடுத்துக்கொண்டிருப்போம். பூட்டைத் திறக்கும் நாக் மந்திரம் ஐந்தாம் பதிப்பில் 300 அடி வரை கேட்கும் சத்தம் போடும். அதனால் திருடரின் கம்பிக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆளை மயக்கும் சார்ம் பர்சன் முடிந்ததும், தன்னை மயக்கினார்கள் என்று மயங்கியவருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலான மந்திரங்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கை அசைக்க வேண்டும். அரசவையில் எல்லோர் கண்ணெதிரே அதைச் செய்தால் காவலர்கள் சும்மா இருப்பார்களா? கான்சன்ட்ரேஷன், அதாவது விடாத மனக்குவிப்பு, தேவைப்படும் மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அடி விழுந்தால் ரோல் போட வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டாலே விசார்ட் கொஞ்சம் மூச்சு வாங்குவார்.

“ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு சண்டை” என்கிறார்களே, அது என்ன?

2014-இன் மாஸ்டர் கையேடு சொல்லும் கணக்கு. நடுத்தர அல்லது கடினமான மோதல்கள் ஆறிலிருந்து எட்டு, நடுவில் இரண்டு சின்ன ஓய்வு. இதற்குத்தான் மந்திரங்களின் எண்ணிக்கையும் ஃபைட்டரின் தாக்குப்பிடிக்கும் திறனும் அளந்து வைக்கப்பட்டன. நடைமுறையில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு பெரிய சண்டை, பிறகு கூடாரம், தூக்கம். விசார்ட் எல்லா மந்திரத்தையும் ஒரே சண்டையில் கொட்டிவிட்டுக் காலையில் புதிதாக எழுந்திருப்பார். சம்பளத்தை முதல் தேதியே செலவழித்துவிட்டு மறுநாளே அடுத்த சம்பளம் வாங்குவது போல.

எட்டு சண்டை வைக்க எனக்கும் பொறுமை கிடையாது. ஓய்வைத் தள்ளிப்போடுவது எளிது. அதே கையேட்டில் ஒரு மாற்று ரூல் இருக்கிறது: சின்ன ஓய்வுக்கு எட்டு மணி நேரம், இரவுத் தூக்கமான பெரிய ஓய்வுக்கு ஏழு நாள். ஊர் அரசியல், நெடும்பயணம் போன்ற கதைகளுக்கு அது அருமையாகப் பொருந்தும், நிலவறைக்குள் பொருந்தாது. 13த் ஏஜ் என்ற கேம் இன்னும் நேரடி: கடிகாரத்தையே பார்க்காதே, ஏறத்தாழ நாலு சண்டைக்கு ஒரு முறை முழுசாகத் தேறிக்கொள் என்று சொல்லிவிடுகிறது.

நல்ல மந்திர வாள் ஒன்று கொடுத்தால் போதாதா?

நெருப்பாக எரியும் வாள் என்றால் போதாது, அது இன்னும் கொஞ்சம் அடி, அவ்வளவுதான். பறக்கும் காலணி என்றால் உதவும். ஆனால் அப்போது ஹீரோ காலணிதானே?

வேறு கேம்கள் இதை எப்படிச் சமாளித்தன?

எனக்கு மிகவும் பிடித்த பதில் 1987-இன் ஆர்ஸ் மேஜிகா. சமநிலையே கிடையாது, மந்திரவாதிதான் பெரியவர் என்று முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு பிளேயரிடமும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைவரும் இருப்பார்கள். காவல்காரர்கள் எல்லோருக்கும் பொது. இந்தக் கதைக்கு நான் மந்திரவாதி, அடுத்ததற்கு நீ. கதாபாத்திரங்களுக்குள் சமத்துவம் இல்லை, பிளேயர்களுக்குள் இருக்கிறது.

2012-இன் டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் வேறு வழியில் போனது. வாரியருக்கு ஒவ்வொரு வீச்சிலும் கூடுதலாக ஒரு சின்னப் பகடை. வீசும் முன்பே “கண்ணில் மண்ணை அள்ளிப் போடுகிறேன்”, “சரவிளக்கில் தொங்கிப் பாய்கிறேன்” என்று ஏதாவது சொல்ல வேண்டும். வீச்சும் பட்டு, சின்னப் பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் சொன்னது நடக்கும். எதிர்ப்பக்கம் விசார்ட் மந்திரத்துக்கே பகடை உருட்ட வேண்டும், சொதப்பினால் உடம்பே கோணிப்போகலாம். யார் அறிவிக்கிறார், யார் மனுப் போடுகிறார் என்பதையே புரட்டிப் போட்டுவிட்டார்கள்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) எண்களிலேயே வேலை பார்க்கிறது. ஆயுதத் தேர்ச்சியில் ஃபைட்டர் எப்போதும் ஒரு படி முன்னால். ஒரே அடியில் ஆளைச் செயலிழக்க வைக்கும் மந்திரங்கள் பெரிய எதிரிகளிடம் பலமிழக்கும். தேர்ச்சி உச்சத்துக்குப் போனால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாத திறமையும் உண்டு. எர்த்டான் (1993) வீரர்களும் ஒருவகையில் மந்திரம்தான் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லிக் கேள்வியையே கலைத்துவிட்டது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 புத்தகத்தில் சரியாகிவிட்டதா?

கொஞ்சம். ஆயுத வித்தைகள் வந்திருக்கின்றன: அடித்தால் எதிரியைச் சாய்க்கலாம், பத்து அடி தள்ளலாம், மாஸ்டரிடம் கேட்க வேண்டியதில்லை. ஃபைட்டர் ஒரு திறமை ரோலில் தோற்றால், காயத்தைத் தேற்றும் செகண்ட் விண்ட்டைச் செலவழித்துப் பத்துமுகப் பகடை ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படியும் தோற்றால் செலவு ஆகாது. சண்டைக்கு வெளியே ஃபைட்டருக்கு என்று யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு அதில் சந்தோஷம். உயர் லெவல் மந்திரங்களின் வீச்சு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

புது ரூல் புத்தகம் வாங்காமல், அடுத்த ஆட்டத்திலேயே என்ன மாற்றலாம்?

எங்கள் மேசையில் அந்தப் பள்ளத்துக்குப் பிறகு மூன்று விஷயம் மாறியது.

முதலாவது, ஒரு யோசனைக்கு ஒரே ரோல். மரத்தை வெட்டி, சாய்த்து, நடப்பது எல்லாம் சேர்ந்து ஒன்றுதான். தோற்றால் மரம் பள்ளத்தில் விழாது. மரம் நிற்கும், ஆனால் சத்தம் கேட்டு யாரோ வருவார்கள்.

இரண்டாவது, மந்திரம் இல்லாத ஒவ்வொருவருக்கும் காசு போல ஒரு செப்பு வில்லை. சின்ன ஓய்வுக்கு ஒரு முறை அதை மேசையில் தட்டினால், உடல் பலத்தாலோ பயிற்சியாலோ செய்யக்கூடிய ஒரு காரியம் ரோல் இல்லாமல் நடந்தே தீரும். அளவு லெவலுக்கு ஏற்றபடி. ஐந்தாவது லெவலில் இரும்புக் கதவைக் கீலோடு பெயர்க்கலாம், பதினொன்றில் ஓடும் தேரைக் கையால் நிறுத்தலாம், பதினேழில் ஆற்றை எதிர்நீச்சலில் கடந்துபோய் மூழ்கும் படகை இழுத்து வரலாம். அளவை முன்கூட்டியே பேசி எழுதி வைத்தோம். மேசையில் பேரம் ஆரம்பித்தால் அது மறுபடியும் மனுவாகிவிடும்.

மூன்றாவது, ஆள் செல்வாக்கு. ஃபைட்டருக்குப் பழைய படைத் தோழர்கள், கடன்பட்ட தளபதிகள், பெயரைக் கேட்டதும் வழிவிடும் காவல்காரர்கள். 1978-இன் கோட்டையையும் படையையும் சின்ன அளவில் திரும்பக் கொண்டுவந்தேன். கோட்டை வாசலில் விசார்ட் மறையும் மந்திரத்தைத் தேடிக்கொண்டிருக்க, ஃபைட்டர் காவலரின் தோளில் கைபோட்டு “உன் கால் இப்போது எப்படி இருக்கிறது?” என்று விசாரித்துக்கொண்டே உள்ளே போனார்.

செப்பு வில்லை கொடுத்த முதல் நாளே பார்பேரியன்காரர் அதைத் தட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மூன்று ஆட்டம் வரை தட்டவில்லை. கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். நாலாவது ஆட்டத்தில் கூரை சரிந்தபோது, நான் வாயெடுப்பதற்குள் தட்டினார். “நான் தாங்கிக்கொள்கிறேன். நீங்கள் போங்கள்.”

எங்கள் மேசையில் யாரும் புகார் சொல்லவில்லை. அப்படியும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மூன்றாவது, நாலாவது லெவலில் ஆடுபவர்களுக்கு இது பெரும்பாலும் வராது. கூட்டத்தில் விசார்டே இல்லையென்றாலும் வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சண்டை இல்லாத ஒரு மணி நேரத்தில், வாள்காரரைப் பார்த்து நீங்கள் “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று எத்தனை முறை கேட்டீர்கள், அவர் எத்தனை முறை போனைப் பார்த்தார் என்று எண்ணுங்கள். எங்கள் பார்பேரியன்காரரும் புகார் என்று எதுவும் சொல்லவில்லை.